ஒரே இழுப்பில் கிளம்பிய மஞ்சள் வண்டி

அத்தியாயம் ஐந்து

அந்த மலையில் தனக்குப் பிடித்தது என்று பார்த்தசாரதியால் எதையும் சொல்ல முடியாது. ரோப் காரில் பக்கத்தில் நின்ற ஆள் கைக்குட்டையில் மூக்கைச் சிந்திவிட்டு, சிந்தியது ஒழுங்காக வந்திருக்கிறதா என்று விரித்துப் பார்த்தார். எதிரே ஒரு நனைந்த நாய். நாயின் சொந்தக்காரி பைக்குள் ஒரு பாலாடைக்கட்டி. அது செத்து எத்தனை நாள் ஆயிற்று என்று போலீஸ்தான் வந்து சொல்ல வேண்டும். ரோப் கார் நின்ற இடத்திலிருந்து ஆய்வு நிலையத்துக்கு ஒரு கிலோமீட்டர் நடை. முழங்கால் வரை புதைந்து புதைந்து நடந்ததில் ஷூவுக்குள் பனி புகுந்து உருகி, காலுறை சொதசொதவென்று ஆகிவிட்டது.

“சார், நீங்க ஒவ்வொரு அடி வைக்கறப்பவும் ஷூவுக்குள்ள தவளை கத்துது” என்றாள் பின்னால் வந்த மல்லிகா.

“வாயை மூடிண்டு நட.”

“வாயை மூடினா மூக்கு உறைஞ்சுடும் சார். ஏதாவது ஒண்ணுதான் முடியும்.”

பார்த்தசாரதி மியூனிக்கில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் துப்பறிவாளர். வயது நாற்பத்தொன்பது. ஜெர்மனிக்கு வந்து பதினாறு வருஷம் ஆகியும் குளிருக்கும் அவருக்கும் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. மல்லிகா முன்பு மியூனிக் பக்கத்துக் கார்ஹிங் ஊரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். இரண்டு வருஷமாக இவரிடம் உதவியாளர். இப்போது டைப் அடிப்பது குறைவு, வாய் அடிப்பது அதிகம்.

இன்று இருவரும் ஏறி வந்திருப்பது ஒரு பனி ஸ்கூட்டருக்காக. முன்னால் சறுக்குக் கட்டை, பின்னால் அகலமான ரப்பர் பட்டை, நடுவில் ஆள் உட்கார ஒரு இருக்கை. ராபன்யோக் மலைமேல் இருக்கும் இந்த நிலையத்துக்கும், இதுபோன்ற மற்ற பதினோரு மலைக் குடில்களுக்கும் சாமான் ஏற்றவும், அடிபட்டவரை இறக்கவும் வண்டி வாங்கப் போகிறார்கள். மூன்று கம்பெனிகள் ஆளுக்கொரு வண்டி அனுப்பியிருந்தன. சிவப்பு, பச்சை, மஞ்சள். பத்து நாள் பரீட்சை. ராத்திரி முழுக்க மூன்றும் வெட்டவெளியில், மைனஸ் இருபதில் கிடக்கும். காலை ஏழு மணிக்கு, இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்து, எத்தனையாவது இழுப்பில் எது கிளம்புகிறது என்று எழுதிக்கொள்வார்கள். பத்து நாளும் மஞ்சள் வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது.

பதினோராம் நாள், நிலையத்தின் காவலாளி கிழவர் ஆல்ஃபோன்ஸ் அந்த மஞ்சள் வண்டியை எடுத்துக்கொண்டு மேலே பனியின் ஆழம் அளக்கும் கம்பம் வரை போனார். இன்ஜினை அணைத்துவிட்டு நாலு மணி நேரம் வேலை பார்த்தார். திரும்பி வந்து இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஆறு கிலோமீட்டர் பனியில் நடந்தே இறங்கினார். இப்போது கீழே ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். வலது காலில் இரண்டு விரல் இல்லை.

மறுநாள் வண்டியைக் கீழே இழுத்து வந்து மூடியைத் திறந்து பார்த்தால், இன்ஜின் பக்கத்தில் ஒரு பித்தளைச் செம்பு உருண்டு கிடந்தது. சுற்றிலும் வெள்ளையாக ஏதோ கொட்டி உறைந்திருந்தது. செம்பு, நிலையத்தில் பனியைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் சேதுராமனுடையது. ‘இந்தியப் பையன் வேண்டுமென்றே இன்ஜினில் பாலை ஊற்றிக் கெடுத்துவிட்டான்’ என்று மஞ்சள் வண்டியின் ஏஜென்ட் எழுதிக் கொடுத்துவிட்டான். நிலையத்துக்கு இன்ஷூரன்ஸ் பார்த்தசாரதியின் கம்பெனிதான். இன்று மூன்று மணிக்கு விசாரணை. பழி நின்றால் சேதுராமனின் உதவித்தொகை போகும். உதவித்தொகை போனால் விசா போகும். அடுத்த வாரம் பையன் விமானத்தில் இருப்பான்.

நிலையத்தின் வாசலிலேயே கம்பளித் தொப்பியும் சிரித்த முகமுமாக ஒருவர் நின்றிருந்தார்.

“வாங்க சார், வாங்க! நான் சுந்தரராஜன். இங்க எலக்ட்ரானிக்ஸ் பாத்துக்கறேன். மொதல்ல உள்ள வாங்க, கால் உறைஞ்சிருக்கும்.”

தன் அறையில் உட்கார வைத்து அவர் கொடுத்தது காபி. வென்னீரில் பொடியைக் கரைத்த கஷாயமில்லை, டிகாக்‌ஷன் இறக்கிய அசல் பில்டர் காபி. ஒரு வாய் குடித்ததும் பார்த்தசாரதிக்கு உலகத்தின் மேல் இருந்த கோபம் கால்வாசி குறைந்துவிட்டது. அதோடு விடவில்லை சுந்தரராஜன். அவருடைய ஈரக் காலுறைகளை வலுக்கட்டாயமாகக் கழற்றச் சொல்லி வாங்கி, மேஜையடியில் சாம்பல்நிறக் கம்பளிப் பை போட்டு வைத்திருந்த ஒரு தகரப் பெட்டியின் மேல் விரித்தார். பெட்டியில் நெருப்பும் இல்லை, ஒயரும் இல்லை. ஆனால் கதகதவென்று இருந்தது.

“பத்து நிமிஷத்துல காஞ்சுடும் சார். இந்தப் பையன் விஷயம் கேட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லை. நம்ம பையன். நல்லவன்தான். என்ன, கொஞ்சம் ஒரு மாதிரி. செம்பும் கையுமா அலைவான்.”

“செம்புல என்ன?”

“பால்னு சொல்றாங்க. தயிர் தோய்க்கறானாம். எனக்குத் தெரியாது சார், நான் தயிரைத் தொட்டே எட்டு வருஷம் ஆச்சு. அல்சர். வாசனையே ஆகாது.”

காலுறை காய்ந்து வந்தது. மாட்டிக்கொண்ட பார்த்தசாரதி முகத்தைச் சுளித்தார். “என்ன நாத்தம் இது?”

மல்லிகா குனிந்து மூச்சை இழுத்தாள். “டிரை கிளீனிங் கடை வாசனை சார். முன்னாடி இருந்த வாசனைக்கு இது எவ்வளவோ தேவலை.”

*

சேதுராமன் தன் படுக்கையறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். இருபத்தாறு வயது. மூக்கில் கண்ணாடி, ஒல்லி உடம்பில் மூன்று ஸ்வெட்டர். அறை, பூட்டி வைத்த ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது.

“ஹீட்டிங் இல்லையா?”

“ராத்திரி ஒன்பது மணியிலேர்ந்து கிடையாது சார். எண்ணெய்த் தட்டுப்பாடு. ஊர் பூரா கார் ஓட்டவே ஞாயித்துக்கிழமை தடை போட்டாங்களே. ராத்திரி இங்க ஆறு டிகிரி. அடுப்பையும் அணைச்சுடுவாங்க.”

“செம்பு எப்படிடா வண்டிக்குள்ள போச்சு?”

சேதுராமனின் காது சிவந்தது. “தயிர் சார். கீழேர்ந்து வாரம் ஒரு தடவை சாமான் வரும். அதுல தயிர்னு வர்றதுல பாதிக்கு மேல ஸ்ட்ராபெரி கலந்தது. அதைப் போட்டுச் சாதம் பிசைஞ்சு பாருங்க...”

“வேண்டாம்” என்றார் பார்த்தசாரதி அவசரமாக.

“கலக்காத தயிர் ஒரு கப் வந்தா அதை உறை ஊத்தி வெச்சுப்பேன். ஆனா ராத்திரி இந்தக் குளிர்ல தோயாது. தினம் எட்டு மணிக்கு மூணு வண்டியையும் அரை மணி ஓட்டி நிறுத்துவாங்க. இன்ஜின் சுட்டுண்டு இருக்கும். ஊர்ல அடுப்புப் பக்கத்துல வைக்கற மாதிரி, மூடியைத் திறந்து பக்கத்துல வெச்சுட்டேன். காலைல ஏழு மணி டெஸ்டுக்கு முன்னாடி எடுத்துடுவேன். அன்னிக்கு ஆல்ஃபோன்ஸ் ஆறு மணிக்கே வண்டியை எடுத்துண்டு போயிட்டார். நான் எழுந்து வர்றதுக்குள்ள செம்போட போயிடுத்து.”

“தோய்ஞ்சுதா?”

“மொத நாள் சிவப்பு வண்டியில வெச்சேன், கல்லு. ரெண்டாம் நாள் பச்சை, அதுவும் கல்லு. கரண்டியே உடைஞ்சுது. மூணாம் நாள் மஞ்சள்.” அந்தத் துக்கத்திலும் அவன் முகம் மலர்ந்தது. “தோய்ஞ்சிருந்தது சார்! கொஞ்சம் புளிப்பு, தண்ணி விட்டுண்டிருந்தது. நாலாம் நாள் வெச்சேன் பாருங்க, கத்தியால வெட்டி எடுக்கலாம். செம்பு மட்டும் நான் வெச்ச இடத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. அப்புறம் நானும் அந்த இடத்துலயே வைக்க ஆரம்பிச்சுட்டேன்.”

பார்த்தசாரதி அவனையே உற்றுப் பார்த்தார். “நீ என்ன ஆராய்ச்சி பண்றே?”

“பனியில சூடு எப்படிப் பரவறதுன்னு சார்.”

“டாக்டர் பட்டத்துக்கு?”

“ஆமாம் சார்.”

“மைனஸ் இருபதுல, நிறுத்தின இன்ஜின் எத்தனை நேரம் சூடா இருக்கும்?”

“அரை மணி... முக்கால் மணி...” சேதுராமன் பாதியில் நின்றான். வாய் திறந்தபடியே இருந்தது.

“தயிர் கிடைச்சதும் மூளையைக் கழட்டி வெச்சுட்டான் சார்” என்றாள் மல்லிகா. “தப்பில்லை. நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்.”

“அந்த வண்டி மூடிக்குள்ள கம்பளி ஒட்டியிருக்கும் சார்” என்று முனகினான் சேதுராமன். “அதான் சூடு நிக்கறதுன்னு நினைச்சுட்டேன். கையில பெரிய உறை வேற போட்டிருப்பேன்.”

“தயிர் முழுக்க நீயேதான் சாப்பிட்டியா?”

பையன் கதவைப் பார்த்தான், பிறகு பெட்டியைப் பார்த்தான். “ஆ... ஆமாம் சார்.”

பொய் சொல்லப் பழக்கமில்லாதவன் என்பது பார்த்தசாரதிக்குப் புரிந்தது. யாரையோ காப்பாற்றுகிறான். தன் கழுத்தில் கயிறு விழப் போகும் நேரத்தில் அடுத்தவனுக்குக் குடை பிடிக்கும் இந்த அசட்டு மரியாதையைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“செம்பை எதால மூடி வைப்பே?”

“துணியால வாயைக் கட்டி வைப்பேன். செம்பும் துணியும் கொட்டாயில இருக்கு. சாட்சிப் பொருள்னு எடுத்து வெச்சுட்டாங்க. என் நோட்டு புரொபசர் கிட்ட இருக்கு. வண்டி எத்தனை இழுப்புல கிளம்பித்துன்னு அதுல நான்தான் எழுதுவேன். ஓரத்துல தமிழ்ல தயிர் விஷயமும்...” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “எழுதிப் பழக்கம் சார்.”

*

கொட்டகையில் ஏஜென்ட் டிராக்ஸ்லர் மஞ்சள் வண்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். தலையில் அரை டப்பா எண்ணெய். கை குலுக்கியபோது பார்த்தசாரதியின் உள்ளங்கையில் அதில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டது. அதை எங்கே துடைப்பது என்று தெரியாமல் கையைத் தனியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வண்டிகளின் ராணி!” என்றான் ஜெர்மனில். “நிறத்தைப் பாருங்கள். இருக்கையைப் பாருங்கள், உண்மையான தோல். அதோ அந்தச் சிவப்பு இருக்கிறதே, அது வண்டியா? எருமை. ஒன்பது தடவை இழுத்தால்தான் இருமவே ஆரம்பிக்கும்.”

“கிளம்பாத நாள் உண்டா?”

“எருமை என்றைக்கு எழுந்திருக்காமல் இருந்திருக்கிறது? கேள்வி அதுவா? பெண்கள்கூட ஒரே இழுப்பில் கிளப்பலாம் என் வண்டியை!”

“கிளப்பட்டுமா?” என்றாள் மல்லிகா.

டிராக்ஸ்லரின் சிரிப்பு அப்படியே நின்றது. “பால் கொட்டிய வண்டி. சுத்தம் செய்யாமல் தொடக்கூடாது.”

“பாவம், ராணிக்கு உடம்பு சரியில்லை” என்றாள் மல்லிகா தமிழில்.

“ஆல்ஃபோன்ஸின் காலைப் போய்ப் பார்த்தீர்களா?” என்று கேட்டார் பார்த்தசாரதி.

“பூங்கொத்து அனுப்பினேன். கால் விரல்தானே? அதுவும் சின்ன விரல்கள்.” டிராக்ஸ்லர் மறுபடி துடைக்க ஆரம்பித்தான்.

பாலாடைக்கட்டி பரவாயில்லை என்று தோன்றியது பார்த்தசாரதிக்கு. அது தன் நாற்றத்தை மறைக்கவாவது முயலவில்லை.

மஞ்சள் வண்டியின் மூடியைத் தூக்கினார். உள்ளே தடித்த கம்பளி. இன்ஜினுக்கு அந்தப் பக்கம், சின்னப் பெட்டி ஒன்று கச்சிதமாக உட்காரும் அளவுக்குக் கம்பளி நசுங்கி, லேசாகப் பழுப்பேறியிருந்தது. பெஞ்சின் மேல் செம்பும், அதன் வாயைக் கட்டிய துணியும் ஒரு பிளாஸ்டிக் பையில் கிடந்தன. துணியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். கெட்டுப்போன பால் வாடை. அதற்கடியில் இன்னொரு வாடை. வண்டியின் எண்ணெய் கலந்த பெட்ரோல் வாடை அல்ல. சுத்தமான, மூக்கில் ஏறுகிற வேறொன்று. இன்று காலையிலிருந்து தன் கூடவே நடந்து வந்துகொண்டிருக்கும் வாடை.

அவர் மெதுவாகக் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

“மல்லிகா, மணி என்ன?”

“ரெண்டே முக்கால்.”

“ஒரு வேலை இருக்கு.” காதில் ஏதோ சொன்னார். அவளுடைய புருவம் தொப்பிக்குள் போய் மறைந்தது.

*

விசாரணை அறையில் நீள மேஜை. தலைமையில் புரொபசர் லிண்ட்னர் அம்மாள். வெட்டிவிட்ட நரைமுடி, தடித்த கண்ணாடி, அதிகம் பேசாத வாய். பரீட்சை நடந்த பத்து நாளும் அவர் மியூனிக்கில் இருந்தார். முன்னால் பன்னிரண்டு மஞ்சள் வண்டிகளுக்கான ஆர்டர் காகிதம், கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஒரு பக்கம் டிராக்ஸ்லர். மறுபக்கம், தமிழ் தெரிந்தவர் என்பதால் சுந்தரராஜன். மேஜைக் கோடியில் சேதுராமன்.

“எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்” என்றார் புரொபசர். “வண்டி நின்றதற்குக் காரணம் பாலா, இல்லையா?”

“பால்தான் இந்த வழக்கிலேயே ஒழுங்கான ஒரே சாட்சி, அம்மா” என்றார் பார்த்தசாரதி ஜெர்மனில். “பாலில் கொஞ்சம் பழைய தயிரைக் கலந்து வைத்தால் தயிராகும். ஆனால் ராத்திரி முழுக்க இளஞ்சூடு வேண்டும். குளிரில் வைத்தால் பால் பனிக்கட்டியாகும். சிவப்பு வண்டியில் வைத்தான், பனிக்கட்டி. பச்சையில் வைத்தான், பனிக்கட்டி. மஞ்சளில் மட்டும் எட்டு ராத்திரியும் தயிர். மூன்று வண்டியும் ஒரே வெளியில், ஒரே குளிரில் நின்றவை. அப்படியானால் மஞ்சள் வண்டியின் இன்ஜின் ராத்திரி முழுக்கச் சூடாகவே இருந்திருக்கிறது. யாரோ உள்ளே ஒரு சூட்டுப் பெட்டியை வைத்து விடிவதற்குள் எடுத்திருக்கிறார்கள். காலையில் ஒரே இழுப்பு! மலைமேல் அந்தப் பெட்டி இல்லை. ஆல்ஃபோன்ஸின் இரண்டு விரலும் இல்லை.”

டிராக்ஸ்லர் குதித்து எழுந்தான். “கட்டுக்கதை! நான் தினமும் ஆறு மணி ரோப் காரில் கீழே ஓட்டலுக்குப் போய்விடுவேன். பத்துப் பேர் சாட்சி!”

“தெரியும். வைத்தது நீங்கள் இல்லை. வைத்தவருக்கு நீங்கள் வேறு ஏதோ வைத்திருக்கிறீர்கள்.” பார்த்தசாரதி அவன் பக்கமே திரும்பவில்லை. “ஆல்ஃபோன்ஸும் இல்லை. விஷயம் தெரிந்தவர் மலை உச்சியில் இன்ஜினை அணைத்திருப்பாரா? இப்போது செம்புக்கு வருவோம். நாலாம் நாள் அது ஒரு சாண் நகர்ந்திருந்தது. ராத்திரி அந்த மூடியைத் திறந்த ஆள் இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு பால் செம்பைப் பார்க்கிறார். உங்கள் ஊர்க்காரராக இருந்தால் என்ன செய்வார்?”

“தூக்கி எறிவார்” என்றார் புரொபசர் யோசிக்காமல்.

“இவர் எறியவில்லை. முந்தின நாள் சூடு அதிகமாகிப் புளித்துவிட்டதே என்று, பதமாகத் தோய்கிற தூரத்துக்கு நகர்த்தி வைத்திருக்கிறார். தில்லுமுல்லு செய்யப் போன இடத்தில் தயிருக்குப் பக்குவம் பார்த்திருக்கிறார். அம்மா, இந்த மலையில் அந்தக் கை இரண்டு பேருக்குத்தான் உண்டு.”

சுந்தரராஜன் சிரித்தார். சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது.

“சார், நான்தான் சொன்னேனே, தயிரைத் தொட்டே எட்டு வருஷம் ஆச்சு.”

“மல்லிகா, நோட்டைப் படி.”

புரொபசர் தயங்கினார். “அந்த ஓரக் குறிப்புகளா? அவை பிரார்த்தனை வரிகள் என்று ஹெர் சுந்தரராஜன் மொழிபெயர்த்தாரே?”

“பிரார்த்தனைதான் அம்மா, வயிற்றுக்கு” என்ற மல்லிகா நோட்டை எடுத்து முதலில் தமிழிலும் பிறகு ஜெர்மனிலும் படித்தாள். “ஏழாம் தேதி, சிவப்பு. பால் கல். எட்டு, பச்சை. பால் கல். கரண்டி போச்சு. ஒன்பது, மஞ்சள். தயிர்! புளிப்பு. சுந்தரராஜன் சார் முகம் சுளித்தார். பத்து, மஞ்சள். செம்பு இடம் மாறியிருந்தது. தயிர் உத்தமம். சார் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பதினொன்று, உத்தமம். சாருக்கு அரைச் செம்பு...” நிமிர்ந்தாள். “இப்படியே பதினாறாம் தேதி வரைக்கும் போறது சார். அல்சர் நன்னா குணமாயிருக்கு.”

சேதுராமனின் முகம் வெளுத்திருந்தது. “சார்தான் சொல்ல வேண்டாம்னார்” என்றான் யாரிடம் என்றில்லாமல். “டாக்டருக்குத் தெரிஞ்சா திட்டுவார், யார்கிட்டயும் சொல்லாதேன்னார்.”

“சாப்பிட்டேன். அதுக்கென்ன?” சுந்தரராஜனின் குரல் ஏறியது. “தயிர் சாப்பிட்டா குற்றமா? பெட்டியை நான் வெச்சதுக்கு என்ன சாட்சி?”

பார்த்தசாரதி நாற்காலியில் உட்கார்ந்து, நிதானமாக ஷூவைக் கழற்றினார். காலுறைகளை உருவி, புரொபசரின் முன்னால், ஆர்டர் காகிதத்தின் மேலேயே வைத்தார். அதன் பக்கத்தில் செம்பு கட்டிய துணியை வைத்தார். மல்லிகா கோட்டுக்குள்ளிருந்து, சாம்பல்நிறக் கம்பளிப் பை போட்ட தகரப் பெட்டியை எடுத்து மூன்றாவதாக வைத்தாள்.

“ராத்திரி தெருவில் நிறுத்துகிற காருக்கு உள்ளே வைப்பார்களே, அந்தப் பெட்டி” என்றார் பார்த்தசாரதி. “துணி வெளுக்கிற பெட்ரோலில் சுடரில்லாமல் கனலும். இவர் அறையில் மேஜைக்கடியில் இருந்தது. அதன் மேல்தான் என் காலுறையை உலர்த்தினார், உபசாரத்துக்கு. மூன்றையும் நீங்களே முகர்ந்து பாருங்கள். வண்டிக்குள் கம்பளி நசுங்கிய இடத்தில் பெட்டி பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.”

புரொபசர் லிண்ட்னர் ஒரு விஞ்ஞானி. துணியை முகர்ந்தார். பெட்டியை முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, கடமைக்காக, காலுறையையும் முகர்ந்தார். பிறகு கைக்குட்டையால் வெகுநேரம் மூக்கைத் துடைத்தார்.

டிராக்ஸ்லர் தன் காகிதங்களைப் பையில் போட ஆரம்பித்தான். “இவர் செய்ததற்கு நான் பொறுப்பில்லை” என்றான். அந்த ஒரு வாக்கியத்தில் சுந்தரராஜனின் முகம் சரிந்துவிட்டது.

“ஏப்ரலில் வேலை தருகிறேன் என்றீர்களே!” என்று ஜெர்மனில் கத்தினார் அவனைப் பார்த்து. பிறகு தமிழுக்கு மாறிப் பார்த்தசாரதியின் பக்கம் திரும்பினார். “சார், மார்ச்சோட என் காண்ட்ராக்ட் முடியறது. இங்க எட்டு வருஷம் இருந்துட்டேன். ரெண்டு பசங்க இங்க ஸ்கூல்ல படிக்கறாங்க. இவன் கம்பெனியில நிரந்தர வேலைன்னு சொன்னான். ஒரு பெட்டி வெச்சா போதும்னான். நீங்களும் நம்ம மனுஷர்தானே. இந்தப் பையனுக்கு வயசிருக்கு, ஊருக்குப் போனா வேற வழி பாத்துப்பான்...”

“உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவா” என்றாள் மல்லிகா. “தயிரிட்டவருக்கு அது கிடையாது போல.” அவள் குரலில் வழக்கமான விளையாட்டு இல்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்” என்றார் பார்த்தசாரதி. “அன்னிக்கு விடிகாலைல ஆல்ஃபோன்ஸ் கிளம்பறப்ப நீங்க பாத்தேளா?”

சுந்தரராஜன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“பரீட்சை முடிஞ்சும், ஆர்டர் கையெழுத்தாகலையேன்னு அந்த ராத்திரியும் பெட்டியை வெச்சிருக்கேள். அவர் வர்றதுக்குள்ள அவசரமா எடுத்திருக்கேள். செம்பை எடுக்க நேரமில்லை. பாத்தேளா இல்லையா?”

“பாத்தேன்.”

“பேசினேளா?”

“காபி கொடுத்தேன்.”

“மேல போனா இன்ஜினை அணைக்காதே கிழவான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அதுக்கு வாய் வரலையா?”

“சொன்னா ஏன்னு கேட்பாரே சார்.”

மலையிலும் ரோப் காரிலும் காலையிலிருந்து பட்ட அருவருப்பெல்லாம் வெறும் ஒத்திகை என்று பார்த்தசாரதிக்குத் தோன்றியது. அதைவிடவும் அவரைக் கூச வைத்தது, அந்தக் காபியை ருசித்துக் குடித்ததும், இவரை நல்ல மனுஷர் என்று நினைத்ததும்தான். மேஜையை விட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

புரொபசர் லிண்ட்னர் காலுறையை இரண்டு விரலால் அப்பால் நகர்த்திவிட்டு, அடியில் இருந்த ஆர்டர் காகிதத்தைக் கிழித்தார். சேதுராமனின் நோட்டைப் புரட்டினார்.

“சிவப்பு வண்டி. மிக மோசமான நாளில் எத்தனை இழுப்பு?”

“பதினொன்று” என்றான் சேதுராமன். கையைப் பிசைந்துகொண்டே சேர்த்தான்: “ஆனால் கிளம்பாத நாள் கிடையாது.”

“பச்சை?”

“இரண்டு நாள் கிளம்பவில்லை.”

அவர் புதுக் காகிதம் ஒன்றை எடுத்து எழுதினார். எழுதி முடித்துவிட்டு எழுந்துபோய்ச் சேதுராமனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “உங்கள் பெட்டியைப் பிரித்து வையுங்கள்” என்றார். அவன் தலையாட்டினான். கண் நிறைந்து, கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று. எதிரே சுந்தரராஜன் மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

*

ரோப் கார் நிலையம் வரை சேதுராமனே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். சிவப்பு வண்டியின் பின்னால் ஒரு சறுக்குத் தட்டைக் கட்டினான். பார்த்தசாரதி வெறும் காலில் ஷூவை மாட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்தார். காலுறைகள் சாட்சிப் பொருளாகிவிட்டன. திருப்பிக் கொடுத்திருந்தாலும் அவர் வாங்கியிருக்க மாட்டார்.

“சார், என் மப்ளரையாவது காலில சுத்திக்கோங்க” என்றாள் மல்லிகா.

“வேண்டாம்.”

சேதுராமன் கயிற்றை இழுத்தான். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தான். நாலு, ஐந்து, ஆறு. வண்டி இருமியது, நின்றது. ஏழு. ஷூவின் தோல் வழியாகக் குளிர் ஊசி ஊசியாக ஏறியது. முதலில் பாதம் எரிந்தது. பிறகு சுண்டுவிரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. எட்டு.

“மரம் மாதிரி உக்காந்திருக்கேளே, வலிக்கலையா சார்?” என்றாள் மல்லிகா.

“வலிக்கறது. கீழ போக இருபது நிமிஷம்தானே?”

“ஆமாம்.”

“அந்தக் கிழவர் ஆறு கிலோமீட்டர் நடந்தார்” என்றார் பார்த்தசாரதி. “நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும். வண்டி எதனால கிளம்பலைன்னு அவருக்கு இன்னும் யாரும் சொல்லலை.”

ஒன்பதாவது இழுப்பில் வண்டி கிளம்பியது.